பக்ருதீன் வீட்டு வியாழக்கிழமை

திண்டுக்கல் பேகம்பூரில், பக்ருதீன் வீட்டில், 1957ஆம் வருஷம் நவம்பர் 14ஆம் தேதி வியாழக்கிழமை ஆறு வருஷம் இருந்தது. தெருவில் வெள்ளி வந்தது, சனி வந்தது, பொங்கலும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் முறைப்படி வந்து போயின, ஒரு பொதுத்தேர்தல்கூட வந்து சுவரெல்லாம் எழுதிவிட்டுப் போனது. அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தவருக்கு மட்டும் வியாழக்கிழமை. பொழுது விடியும், அடுப்பு எரியும், பாங்குச் சத்தம் கேட்கும், பொழுது சாயும். மறுபடி விடிந்தால் அதே வியாழக்கிழமை. சாயங்காலம் நாலரை மணிக்கு முற்றத்தில் ஒரு தூறல் விழும். அது ஐப்பசித் தூறல். பக்கத்து மாடியில் சித்திரை வெயிலில் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும்போது இந்த வீட்டில் கொடித்துணியை அவசரமாக உருவுவார்கள். முதல் மாதம் ஊரே திரண்டு வந்து பார்த்தது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டுகூட வந்தார்கள். பிறகு அவரவருக்கு வேலை இருந்ததால் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பக்ருதீன் ஆட்டுத்தோல் பதனிடும் தோல் ஷாப்பு ஒன்றில் கடிதம் எழுதும் குமாஸ்தா. பகலெல்லாம் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று மெட்ராஸுக்கு எழுதுகிற கை, மாலைத் தொழுகைக்குப் பிறகு கதை எழுதும். மாதப் பத்திரிகைகளில் நான்கு கதைகள் வந்திருந்தன. நான்கிலும் கடைசியில் ஒரு பெண் செத்துப்போவாள். கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று யாரோ ஒரு வாசகர் எழுதிய தபால் அட்டையை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அழுகை வராத கதை கதையே இல்லை என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் எழுதிய பலருக்கும் அதுதான் கட்சி, இவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இப்படிப்பட்டவரைத்தான் அச்சகக்காரர் கஸ்பார் தேடிப் பிடித்தார். கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீஸும் அடித்துக்கொண்டிருந்த கஸ்பாருக்கு, நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கும் குழு மதுரையில் கூடப்போகிறது என்று சேதி வந்திருந்தது. உடனே பக்ருதீனுக்கு ஒரு கடிதம் போட்டார். நாவல் பதினாலு பாரம், பாரத்துக்குப் பதினாறு பக்கம் வீதம் இருநூற்று இருபத்து நாலு பக்கம். ஒரு பக்கம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடைசிப் பாரம் நவம்பர் 15 வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தாக வேண்டும், வாசிக்கிறவர்கள் அழுதாக வேண்டும். கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது.

நாவலின் பெயர் 'அய்யம்மாளின் கண்ணீர்'. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை பொய்த்து, ஆடுகளை ஒவ்வொன்றாக விற்று, புருஷனையும் தொலைத்துவிட்டு, நிறைமாதக் கர்ப்பத்தோடு தனியாக நிற்கும் ஒருத்தியின் கதை. எழுத எழுத பக்கங்களைக் கஸ்பார் வாங்கிக்கொண்டு போய்க் கோர்த்து அடித்துவிடுவார். பதின்மூன்று பாரம் அடித்து அடுக்கியாயிற்று. பதினாலாவது பாரத்தில் மூன்று பக்கம் மட்டும் ஈய எழுத்தில் கோர்த்து, நூல் சுற்றித் தட்டில் காத்திருந்தது. அட்டை இதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. சிவகாசியில் காலண்டர் படங்களோடு சேர்த்து அட்டையையும் மொத்தமாக அடித்து வாங்கிவிடுவது கஸ்பாரின் வழக்கம். நாவல் என்னவென்று தெரிவதற்கு முன்பே அட்டை தெரிந்துவிடும். அதில் தாமரைக் குளத்தங்கரையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். குஜிலியம்பாறையில் ஏது தாமரைக் குளம் என்று பக்ருதீன் கேட்டதற்கு, "தண்ணியில்லாத ஊருக்குப் படத்துலயாவது தண்ணி இருக்கட்டும், பாய்" என்றார் கஸ்பார். பக்ருதீனுக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை. அவர் கதையில் அய்யம்மாள் பிரசவத்தில் சாக வேண்டியவள்.

அந்தச் சாவு அவர் கற்பனை செய்தது அல்ல. அவர் மனைவி சர்புன்னிசாவின் அக்கா பக்ருன்னிசா அந்த வியாழக்கிழமைக்கு ஆறு வருஷம் முன்னால் பிள்ளை பெற்றுவிட்டு இறந்துபோனாள். பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று வீட்டுப் பெரிய பெண்கள் தடுத்துவிட்டார்கள். உதடு வெடித்து, தண்ணி, தண்ணி என்று அவள் கேட்டபோது கையில் செம்போடு கட்டிலருகில் நின்றது சர்புன்னிசாதான். கொடுக்கவில்லை. பெரியவர்கள் சொன்னதை மீறத் தெரியாத வயது. கல்யாணமான முதல் வருஷத்தில் இதை அவள் புருஷனிடம் சொன்னபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். அடுத்த வருஷம் அதை எடுத்து நாவலில் வைத்தார். எழுதுகிறவர்கள் இப்படிச் செய்வதுண்டு, கேட்டால் அதுவும் பிரியத்தில்தான் என்பார்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில் சர்புன்னிசாவுக்கும் நிறைமாதம். நர்ஸ் ஆனந்தமேரி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பொறந்துரும் தாயி, கவலைப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் பக்ருதீன் வழக்கம்போல அதுவரை எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அச்சுக்கணக்கில் இருநூற்றுப் பதினோரு பக்கம். மிச்சம் பதின்மூன்று. அய்யம்மாளுக்கு வலி எடுக்கும் இடத்தில் நிறுத்தி, "நாளைக்கு இவளை முடிச்சிருவேன். இன்னும் ஒரே ஒரு நாள் கூடக் கெடச்சா போதும், ஊரே அழும்படி முடிச்சிருவேன்" என்றார். சர்புன்னிசா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அந்த வீட்டில் காலைத் தொழுகை முடித்ததும் தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பது பக்ருதீனின் வேலை. அந்தக் காலண்டர் சேக் பரீது மளிகைக் கடை கொடுத்தது. மறுநாள் விடிகாலையில் அவர் தாளைப் பிடித்தபோது அது வரவில்லை. பதினாலாம் தேதித் தாளின் நாலு பக்கமும் தோல் தைக்கிற ஊசியால், மெழுகு நூலில், அட்டையோடு சேர்த்து நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. "ஒரு நாள் கூட வேணும்னு கேட்டீங்களே மச்சான்" என்றாள் சர்புன்னிசா அடுப்படியிலிருந்து. பக்ருதீன் சிரித்தார். இவ்வளவு பிரியமா என்று நெஞ்சு நிறைந்துபோய் எழுத உட்கார்ந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தது கஸ்பார்தான். பத்து மணிக்குக் கடைசிப் பாரத்தை வாங்க வந்தவரிடம் பக்ருதீன், "கெடு நாளைக்குத்தானேண்ணே" என்றார். கஸ்பார் காலண்டரைப் பார்த்தார். தனக்கும் அது வியாழக்கிழமையாகத்தான் தோன்றியது என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து தெருவில் நின்றதும் வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்தது. கோபத்தோடு உள்ளே போனார், வியாழக்கிழமை ஆகிவிட்டது. இப்படி நாலு முறை போய் வந்து, கடைசியில் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். காலண்டர் தாளைக் கிழிக்க மறந்த வீடுகள் இந்த ஊரில் ஆயிரம் உண்டு. அங்கெல்லாம் நாள் தன்பாட்டுக்கு நகரத்தான் செய்கிறது. இங்கே மட்டும் ஏன் நின்றது என்று பள்ளிவாசல் அசரத்திடம் கேட்டபோது, அவர் வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டுத் தனக்குத் தெரியவில்லை என்று சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன வகையில் அவரைப் பாராட்ட வேண்டும்.

பக்ருதீன் முதலில் சந்தோஷப்பட்டார். கெடு நாளைக்கு, நாளையோ வராது, எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும். அன்று மட்டும் ஒன்பது பக்கம் எழுதினார். விடிந்து பார்த்தால் ஒன்பதும் வெறும் தாள். மறுபடி எழுதினார், மறுபடி வெறும் தாள். ஒரு வாரத்தில் விஷயம் விளங்கியது. வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்த சாமான் வந்தபடியே இருக்கும். உள்ளே நடந்த காரியம் மட்டும் விடிந்தால் நடக்காததாகிவிடும். கரைத்து வைத்த மாவு புளிக்காது. உறை ஊற்றிய பால் தயிராகாது. இருநூற்றுப் பதினோரு பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு ஆகாது. உள்ளவர்களுக்கு ஞாபகம் மட்டும் தங்கும், அதனால் எழுதியது அழிந்ததும் தெரியும். வெளியே போய் எழுதலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு மட்டும் அது தோன்றாமலா இருக்கும். தோல் ஷாப்பில் உட்கார்ந்தார், ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார், விடுமுறை நாளில் மலைக்கோட்டை அடிவாரத்தில் போய் உட்கார்ந்தார். தெருவில் கெடு தாண்டிவிட்டிருந்தது. தாண்டிப்போன கெடுவுக்கு எழுத அவருக்குக் கை வரவில்லை. பேனாவை வைத்தால் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று வந்தது. உள்ளே எழுதினால் நிற்கவில்லை, வெளியே எழுத வரவில்லை. அந்த ஆறு வருஷமும் அந்த மனுஷர் இப்படி வாசற்படியின் இரண்டு பக்கமும் நடந்து தேய்ந்தார்.

நாவலை விடுங்கள், பிள்ளை என்ன ஆவது. ஆனந்தமேரி தினமும் வந்தாள். தினமும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தினமும் அவள் வாயில் "நாளைக்குப் பொறந்துரும் தாயி" என்றே வந்தது. வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொள்வாள். இரண்டாவது மாதத்தில் சர்புன்னிசாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று குதிரை வண்டியை வாசலில் நிறுத்தினார்கள். வாசற்படிக்கு வெளியே ஒரு கால் வைத்தாள். சேர்ந்துபோன நாளெல்லாம் ஒரேயடியாக அவள் இடுப்பில் இறங்கியது. போட்ட சத்தத்தில் குதிரையே மிரண்டது. ஆனந்தமேரி அவளை அப்படியே பின்னால் இழுத்து உள்ளே போட்டாள். வலி நின்றுவிட்டது. "இனிமே இந்தப் பக்கம் கொண்டுவராதீங்க பாய். நாளு ஒண்ணொண்ணா வந்தாத்தான் இவ தாங்குவா" என்றாள். அன்றிலிருந்து சர்புன்னிசா உள்ளேயே இருந்தாள். நிறைமாத வயிற்றோடு சமைத்தாள், துவைத்தாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு முற்றத்துத் தூறலைப் பார்த்தாள். குழந்தை உள்ளே உதைத்துக்கொண்டுதான் இருந்தது, அதே பக்கம், அதே நேரத்தில்.

தையலைப் பிரிக்கச் செய்யாத முயற்சியில்லை. கத்தரிக்கோல் மழுங்கியது. பூட்டுப் பட்டறை பேச்சிமுத்து, தன் கைக்குத் திறக்காத பூட்டு ஜில்லாவிலேயே கிடையாது என்று சொல்லிக்கொள்கிறவர், குறடும் உளியும் கொண்டுவந்தார். குறட்டின் வாய் உடைந்தது. அவர் அந்த நூலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது தொழில் தெரிஞ்சவுக தச்சது" என்று மட்டும் சொல்லிப் போனார். அசரத் ஓதி ஊதினார். தோல் ஷாப்பு முதலாளி ஆளனுப்பினார். ஆண்கள் எல்லாரும் காலண்டரைச் சுற்றி நின்று யோசிப்பார்கள், அவர்களுக்கெல்லாம் சர்புன்னிசா தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பாள். இதற்கிடையில் அக்கம்பக்கத்தார் அந்த வீட்டின் உபயோகத்தைக் கண்டுகொண்டார்கள். கோடையில் பாலைக் கொண்டுவந்து வைத்தார்கள். விற்காத மல்லிகையைப் பூக்காரி மூக்காயி கூடையோடு வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து எடுத்துப்போவாள், பூ வைத்தபடியே இருக்கும். வெள்ளிக்கிழமை கோர்ட்டில் வாய்தா உள்ள ஒருவர் மூன்று நாள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெளியே போனதும் பிடித்துக்கொண்டார்கள்.

கஸ்பாரின் பாடும் சங்கடமாகத்தான் போயிற்று. பதினாலாவது பாரத்தின் மூன்று பக்க எழுத்து நூல் சுற்றியபடி தட்டிலேயே கிடந்தது. அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. அச்சகத்தில் இருந்ததே கொஞ்ச எழுத்து. அதனால் கல்யாணப் பத்திரிகைகளில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' உறவினர் பட்டியலைச் சுருக்க வேண்டியதாயிற்று. பெயர் விட்டுப்போன தாய்மாமன்கள் இரண்டு கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அடித்த பதின்மூன்று பாரமும் மூலையில் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. இருந்தாலும் மாதம் ஒருமுறை கஸ்பார் வந்து வாசலில் நின்று, "கெடு எப்ப பாய்?" என்று கேட்பார். "நாளைக்கு" என்பார் பக்ருதீன். கஸ்பார் தலையாட்டிவிட்டுப் போவார்.

பக்ருதீனுக்கு வெளியே இருந்த நேரம் மட்டும் வயதில் சேர்ந்தது. ஆறு வருஷத்தில் அவர் மூன்று வயது மூத்தார், காதோரம் நரைத்தது. சர்புன்னிசா அதே இருபத்து நாலு. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் சேக் பரீது கடையிலிருந்து புதுக் காலண்டர் வரும். அவள் அதைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைப்பாள். ஒவ்வொரு மாலையும் பக்ருதீன் அன்று எழுதியதை வாசிப்பார். ஒவ்வொரு மாலையும் அய்யம்மாள் செத்தாள். பிரசவத்தில் செத்தாள், பிரசவம் முடிந்து கிணற்றில் விழுந்து செத்தாள், பாம்பு கடித்தும் காலரா வந்தும் செத்தாள். எப்படிச் செத்தாலும் அதற்கு முன்னால் தண்ணீர் கேட்டாள். எந்தச் சாவு ஊரை அழவைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவள் யார் என்பதும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மிச்சமிருக்கும் பதின்மூன்று பக்கம்தான்.

1963ஆம் வருஷம் நவம்பர் மாதம் ஒரு நாள் கஸ்பார் காலை எட்டு மணிக்கே ஓட்டமும் நடையுமாக வந்தார். உள்ளே வராமல் பக்ருதீனைத் தெருவுக்குக் கூப்பிட்டார். கையில் அவருடைய அச்சகத்துக் காலண்டர்.

"இதைச் செத்தப் பாருங்க பாய். இன்னைக்குத் தெருவுல என்ன கெழமை?"

"வியாழன்."

"தேதி?"

பக்ருதீன் பார்த்தார். பதினாலு. ஆறு வருஷத்தில் முதல்முறையாக மாதமும் தேதியும் கிழமையும் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக வந்திருந்தன.

"அன்னைக்கு நான் போட்ட லெட்டரோட நகலை எடுத்துப் பாத்தேன். நவம்பர் பதினஞ்சு வெள்ளிக்கிழமைன்னுதான் எழுதியிருக்கேன். வருசம் போடல. நாளைக்குக் குடுத்தீங்கன்னா கெடு தப்பல."

பக்ருதீன் தேதியை இன்னொரு தரம் பார்த்தார். தெருவிலும் கெடு நாளைக்கு. தோல் ஷாப்புக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். மடியில் பலகை. பேனாவை வைத்ததும் கை ஓடியது. 'தங்கள் கடிதம்' வரவில்லை, அய்யம்மாள் வந்தாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். நாலு மணிக்குள் பதினோரு பக்கம் ஆயிற்று. அய்யம்மாள் பிள்ளையைப் பெற்றுவிட்டாள், அவள் உதடு வெடித்துவிட்டது, தண்ணீர் கேட்கிறாள். பழக்கம் விடுமா, ஜன்னல் கம்பி வழியாக மனைவிக்கு வாசித்துக் காட்டினார். சர்புன்னிசா உள்ளே ஜன்னல் திண்டில் சாய்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தண்ணி குடுக்கப் போறீங்களா மச்சான்?"

"இல்ல சர்பு. அதுலதான அழுகையே இருக்கு."

சர்புன்னிசா திண்டிலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால் முற்றத்தில் தூறல் விழத் தொடங்கியது. தெருவில் நல்ல வெயில்.

"அப்ப நான் தையலைப் பிரிக்க மாட்டேன்" என்றாள்.

"அது யாருக்கும் பிரியாதே. பேச்சிமுத்தண்ணனே..."

"அவருக்கு வராது. தச்சது நான். என் நகத்தை வச்சாலே பிரியும். அப்பப்ப ஒரு தையலைப் பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி தைப்பேன்."

"ஆறு வருசமாவா?"

"ஆறு வருசமாத்தான். அசரத்தைக் கேட்டீங்க, நர்சம்மாவைக் கேட்டீங்க, பூட்டுக்காரவுகளைக் கேட்டீங்க. அம்புட்டுப் பேருக்கும் நான்தான் தேத்தண்ணி போட்டேன். என்னைய ஒருத்தரும் கேக்கல."

பக்ருதீன் தாள்களை மடியில் இறக்கிவைத்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒங்களுக்கு ஒரு நாள் கெடைக்கட்டும்னு நான் தைக்கல மச்சான். நாளைக்கு இவளை முடிச்சிருவேன்னு நீங்க சொன்னீங்க. நாளைக்குப் பொறந்துரும்னு நர்சம்மா சொன்னாக. ரெண்டும் ஒரே நாளு. எங்க அக்கா சாகுறதை ஒருக்கா பாத்துட்டேன். மறுக்கா அவ சாகுற அன்னைக்கு நான் பிரசவத்துக்குப் படுக்க மாட்டேன். நீங்க மாத்தி எழுதுவீங்க, மாத்தி எழுதுவீங்கன்னு தெனமும் காதைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க பாம்பைக் கொண்டாந்தீங்க, காலராவைக் கொண்டாந்தீங்க. ஒரு மொடக்குத் தண்ணி கொண்டாரல."

பக்ருதீனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டாயிரம் தடவைக்கு மேல் அவளைக் கட்டிலருகில் செம்போடு நிற்க வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டைப்பையில் இருந்த தபால் அட்டை நெஞ்சில் உறுத்தியது. பதினோரு பக்கத்தையும் மடித்துக் கிழித்தார். அதன் பிறகு வெறும் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாகாத ஒருத்தியை என்ன செய்வதென்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கெடு மட்டும் இருந்தது, வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஏலல சர்பு. வேற மாதிரி முடிக்க எனக்குத் தெரியல" என்றார். "நீ சொல்லு."

"அவ எந்திரிச்சு உக்காந்து ஒரு செம்புத் தண்ணி குடிச்சான்னு எழுதுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. குடிக்கட்டும்."

அவர் எழுதினார். எவ்வளவு இழுத்தும் இரண்டு பக்கத்துக்கு மேல் வரவில்லை. மறுநாள் விடிகாலையில் சர்புன்னிசா காலண்டர் முன்னால் நின்று, நகத்தால் தையலை ஒவ்வொன்றாக நெம்பி, நூலைப் பல்லில் கடித்து இழுத்தாள். அது வெண்ணெயில் இழுத்ததுபோல வந்தது. தாளையும் அவளே கிழித்தாள். 15, வெள்ளிக்கிழமை. தாள் கீழே விழுவதற்குள் வலி எடுத்துவிட்டது. வெளியில் சேர்ந்து கிடந்த நாட்கள் எதுவும் வரவில்லை, ஒரு நாளுக்கான வலிதான் வந்தது. ஒன்பது மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முற்றத்தில் நின்ற பக்ருதீனுக்கு முதலில் குழந்தையின் அழுகை கேட்டது. பிறகு தண்ணி என்று சர்புன்னிசாவின் குரல் கேட்டது. அவர் அறைக் கதவருகில் ஓடினார். அதற்குப் பிறகு செம்பு தரையில் வைக்கப்படும் சத்தமும், "மெதுவாக் குடி தாயி, இன்னொண்ணு வேணும்னாலும் தாரேன்" என்ற ஆனந்தமேரியின் குரலும் கேட்டன. குழந்தை காதில் பாங்கு சொன்னபோது அவர் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். மெஹராஜ் என்று பெயர் வைத்தார்கள். ஜும்மாவுக்கு முன்னால் அவர் இரண்டு பக்கத்தைக் கஸ்பாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கெடு தப்பவில்லை.

பாரத்தில் மிச்சமிருந்த பதினோரு பக்கத்தில் கஸ்பார் பேச்சிமுத்து பூட்டுக்கும், சேக் பரீது மளிகைக்கும், ஒரு சுருட்டுக் கம்பெனிக்கும் விளம்பரம் போட்டார். முதல் பதிப்பு 15-11-1957 என்று அச்சாயிற்று. உள்ளே தாள் மஞ்சளாகவும், சிவகாசி மெருகு போகாத அட்டை புதிதுபோலவும் இருந்தது. தாமரைக் குளத்துக்காரி பிள்ளையோடு சிரித்தாள், இப்போது அவள் சிரிக்க ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷம் கூடிய நூலகக் குழு, முடிவில் அழுத்தம் போதாது என்று எழுதிப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியது. கஸ்பார் புத்தகக் கட்டுகளை இரண்டு நாள் அச்சகத்திலேயே போட்டு வைத்தார். பிறகு பஸ் ஸ்டாண்டில் போட்டு விற்றார். குஜிலியம்பாறைப் பக்கம் யாராவது ஒருத்தர் படிக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம். கடைசி வரி வந்ததும் அழவில்லை, எழுந்து போய் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்களாம்.

மிச்சமிருக்கும் ஆறு வருஷத் தாளையும் ஒரே மூச்சில் கிழித்துத் தெருவோடு சேர்ந்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சேக் பரீது உதவி செய்வதாக நினைத்து ஒரு நாள் காலையில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டார். தொட்டிலில் இருந்த மெஹராஜ் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் வளர்ந்தாள். அந்த ஒரு நாளில் அவள் என்ன செய்திருப்பாள் என்பது யாருக்கும் தெரியாமலே போனது. சர்புன்னிசா அன்று முழுக்க அழுதாள். மறுநாள் காலண்டரில் ஒன்றையும் கிழிக்காமல் விட்டு அந்த நாளைச் சரிக்கட்டினாள். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு தாள்தான், கிழிப்பதும் அவள்தான். டிரங்குப் பெட்டியில் இருந்த காலண்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வருஷப் பிறப்புக்கு வரும் புதுக் காலண்டர் பெட்டிக்குள் போகும், ஆறு வருஷம் கழித்து ஆணியில் ஏறும். தெருவுக்கும் அந்த வீட்டுக்கும் சரியாக முந்நூற்றுப் பதின்மூன்று வாரம் வித்தியாசம், கிழமை மாறாது, ஆதலால் வெள்ளிக்கிழமை ஜும்மா மட்டும் தப்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது 1957இல் பிறந்ததாக எழுதிக் கொடுத்தார்கள். ஹெட்மாஸ்டர் ஐந்து வயதுப் பிள்ளையை ஒருமுறையும் தாளை ஒருமுறையும் பார்த்துவிட்டு, ஒன்றாம் வகுப்பில் உட்காரச் சொன்னார். பேப்பரில் வரும் செய்தியெல்லாம் சர்புன்னிசாவுக்கு ஆறு வருஷம் முன்கூட்டியே கிடைக்கிறது. எதற்கும் அவள் பதறுவதில்லை. அந்தத் தெருவில் இப்போது யாருக்குப் பிரசவம் என்றாலும் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது.

இரண்டாவது நாவலுக்குக் கஸ்பார் கெடு சொல்லி அனுப்பியபோது, பக்ருதீன் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் அடுப்படி வாசலில் போய் நின்றார். இந்தக் கதையில் யாராவது சாகலாமா என்று சர்புன்னிசாவிடம் கேட்டார். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "யாருன்னு மொதல்ல சொல்லுங்க, பாப்போம்" என்றாள். தோல் தைக்கிற ஊசி இன்னமும் அந்தக் காலண்டர் அட்டையின் ஓரத்தில்தான் குத்தியிருக்கிறது.